வெள்ளாடு என்று கூப்பிட்டவர்களுக்கு

போன வாரம் நம் தெரு வாட்ஸப் குரூப்பில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பச்சை இலை. சுருட்டை இலை, ஊதா ஓரம் வைத்த இலை, பெயர் வாயில் நுழையாத சீமை இலை. பக்கத்தில் ஒரு மாத நாவல் கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் மூக்குக் கண்ணாடி. "ரிட்டயர் ஆனதற்கு இதுதான் சுகம்" என்று எழுதியிருந்தார். நீங்கள் எல்லாரும் வரிசையாகக் கை தட்டும் பொம்மை போட்டீர்கள். ஒருவர், தனக்கும் டாக்டர் பச்சையாகத் தின்னச் சொல்லியிருக்கிறார், புளிப்பும் காரமுமாக நன்றாகவே இருக்கிறது என்று எழுதினார்.

நான் எதுவும் போடவில்லை.

நீங்கள் இலை தின்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. தின்னுங்கள். நாவலும் படியுங்கள். ஆனால் இந்த இரண்டையும் ஒருத்தி நம் தெருவில் செய்தாள். அவளுக்கு வெள்ளாடு என்று பெயர் வைத்து, பார்க்கும்போதெல்லாம் "மே" என்று கத்திவிட்டு ஓடியது நீங்கள்தான். முதலில் கத்தியவர் இந்தப் படத்தைப் போட்டவர். பட்டு முதலாளியின் மகன். அவருக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. குரூப்பில் எழுதினால் அதற்கும் ஒரு பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள் என்பதால் நீளமாக இந்தக் கடிதம் எழுதுகிறேன்.

அவள் என் அண்ணி. ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. எனக்குப் பத்து வயசு. அண்ணியின் ஊர் தெள்ளாருக்கு அந்தப் பக்கம். நம் சனம்தான், ஆனால் தறி இல்லாத வீடு. அவள் அப்பா தறியை விற்றுவிட்டுக் கத்திரித் தோட்டம் போட்டவர். அதனால் அவளுக்குப் பட்டு தெரியாது, இலை தெரியும். தகரப்பெட்டியில் நாலு புடவையும் பதினோரு நாவலும் கொண்டுவந்தாள். அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பாத்திரம் இல்ல, பண்டம் இல்ல, பேப்பர் கடைக்குப் போற சரக்கக் கொணாந்துகீறா" என்றாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. பாவு நூலை நீட்டிக் கட்டத் தெருவில் இடம் காயவில்லை. குழித்தறியில் கால் வைக்கும் பள்ளத்தில் தண்ணீர் ஊறும். அப்பா காலை எங்கே வைப்பார்? பள்ளிக்கூடம் லீவு விட்ட நாளெல்லாம் சொம்பால் குழியை இறைப்பது என் வேலை. வீடு முழுக்க ஈர நூல் வாசம், கஞ்சி வாசம், அப்பாவின் கோபம். மழைக்காலத்தில் நெசவாளி வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நல்ல பேச்சே இருக்காது.

அந்த மழையில்தான் அண்ணிக்குக் கொண்டாட்டம். கொல்லைச் சுவர் ஓரம், கிணற்றடி, ஆற்றங்கரைக்குப் போகும் வழி எல்லாம் முளைத்துக் கிடந்தது. புளியாரை, பருப்புக்கீரை, வல்லாரை, எனக்குப் பெயர் தெரியாத இன்னும் நாலைந்து. நம் தெருவில் கீரை என்றால் அரைக்கீரை, முருங்கை. வேகவைத்துக் கடைந்தால்தான் அது சாப்பாடு. அண்ணி பறித்து, மூன்று தண்ணீர் கழுவி, துணியில் உதறி, எவர்சில்வர் தட்டில் போடுவாள். கல் உப்பு, நசுக்கின பச்சை மிளகாய், எலுமிச்சம்பழம் அரை மூடி, கொஞ்சம் பச்சை வேர்க்கடலை தட்டிப் போட்டுக் கையால் புரட்டுவாள். அவ்வளவுதான். அப்படியே தின்பாள். கறக் கறக் என்று சத்தம் கேட்கும்.

"இன்னா பொண்ணுமே நீ. அடுப்பு எரியுதில்ல? ஒரு கொதி வுட்டா கை ஒடிஞ்சிடுமா?"

"கொதிக்க வெச்சா புளிப்பு பூடும் அத்தை."

"புளிப்பு போனா வூட்ல புளி இல்லியா?"

"அது வேற புளிப்பு அத்தை" என்பாள் அண்ணி, வாயில் இலையோடு.

மசக்கை என்று நினைத்து ஒரு மாசம் தெருவே அவள் வயிற்றைப் பார்த்தது. வயிற்றில் இலைதான் இருந்தது. அது தெரிந்ததும்தான் கேலி ஆரம்பித்தது. மசக்கை என்றால் மன்னிப்பு உண்டு. சும்மா பிடித்திருக்கிறது என்று ஒருத்தி தின்றால் மன்னிப்பு கிடையாது.

அவள் ஒன்றும் தங்கமான மனுஷி இல்லை. அப்படி எழுதினால் பொய். எனக்கு ஒரு கைப்பிடி இலைக்கு மேல் கொடுத்ததே இல்லை. "உனுக்கு வேணும்னா போய்ப் பறி. சாயத் தண்ணி ஓடற பக்கம் போகாத" என்பாள். நாவலைத் தொட்டால் கையில் அடிப்பாள். அம்மா பேசும்போது காது கேட்காத மாதிரி இருப்பாள். அது அம்மாவுக்கு ஏச்சை விட மோசம்.

படிப்பதும் அப்படித்தான். அவள் வேலை தார் சுற்றுவது. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும் நூல் அது, தறி ஓட ஓடத் தீரும், சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வலது கை ராட்டையைச் சுற்றும், இடது கை நூலைப் பிடிக்கும். நாவல் எதிரே படியில் சாய்த்து வைத்திருக்கும். பக்கத்தைக் கால் கட்டைவிரலால் திருப்புவாள். நூல் ஒரு தடவைகூட அறுந்ததில்லை. அம்மா கத்துவாள், "சரஸ்வதியக் காலால ஒதைக்கிறாளே." அண்ணி உடனே குனிந்து புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அடுத்த பக்கம் மறுபடியும் கட்டைவிரல்.

எல்லாம் கொலைக் கதை. அவள் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவாள். அது போதாது என்று அண்ணனிடம் சொல்லியும் விடுவாள். அண்ணனும் படிப்பான். மாசம் பிறந்ததும் பஸ் ஸ்டாண்டு கடையில் புதுசு வாங்கி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு வருவான்.

"யாரு கொன்னான்னு சொல்ட்டா?"

"வேணாண்டி. ரெண்டு நாளு பொறு."

"டாக்டரு."

"நீயெல்லாம் ஒரு மனுஷியா" என்பான் அண்ணன். இரண்டு பேரும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

கார்த்திகை மாசத்து நாவலுக்கு அண்ணன் ஒரு வேலை செய்தான். கடைசி அத்தியாயத்துப் பக்கங்களை மட்டும் சேர்த்துப் பட்டு நூலால் இறுக்கிக் கட்டிவிட்டான். நெசவாளி போட்ட முடிச்சு. அவிழ்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். "இத நான் படிச்சி முடிக்கற வரைக்கும் நீ தொடக் கூடாது" என்றான். அண்ணி ஒத்துக்கொண்டாள். அந்த ஒரு கதையைத்தான் அவள் முதலிலிருந்து ஒழுங்காகப் படித்தாள்.

ஒரு நாள் மத்தியானம் தறியில் தார் தீர்ந்துபோனது. அப்பா குரல் கொடுத்தார். அண்ணி, "ரெண்டு பக்கந்தான் மாமா" என்றாள். கையில் நூல் இருந்தது, ராட்டையும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அப்பாவின் காதில் 'பக்கம்' மட்டும்தான் விழுந்தது. தறியை விட்டு எழுந்து வந்தார். அந்தக் கார்த்திகை நாவலை எடுத்து அட்டையைப் பிய்த்து எறிந்தார். நூல் வெட்டும் கத்தியால் முதுகைக் கிழித்து, பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கத்தவில்லை. பூப்பறிக்கிற மாதிரி நிதானமாகச் செய்தார். அது முடிந்ததும் பெட்டியிலிருந்த மற்ற நாவல்களை வெந்நீர் அடுப்புக்குப் போடச் சொன்னார். அம்மா போட்டாள். அண்ணன் நின்று தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரித்த பக்கங்களை அப்பா வீணாக்கவில்லை. எதையும் வீணாக்க மாட்டார். தறியில் அப்போது ஒரு சந்தன நிறப் புடவை, அரக்கு பார்டர், கல்யாண ஆர்டர். நெய்த துணியைப் படமரத்தில் சுருட்டும்போது ஜரிகை உரசாமல் இருக்க நடுவில் ஏதாவது வைத்துக்கொண்டே வர வேண்டும். கருநிறம் என்றால் பழைய பேப்பர் போதும், மாசக்கணக்கில் காய்ந்த பேப்பர். வெளிர் நிறத்துக்கு வெளுத்த வேட்டித் துண்டுதான். இதை அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அப்பாதான். ஆனால் மழையில் வேட்டித் துண்டு எதுவும் காயவில்லை. கோபமும் காயவில்லை.

"ஒவ்வொண்ணா எட்த்துக் குடு" என்றார் என்னிடம்.

கொடுத்தேன். பத்து நாளாக, ஒரு சாண் நெய்து சுருட்டும்போதெல்லாம் ஒரு தாள். கொடுப்பதற்கு முன்னால் நானும் படித்தேன். மலை மேல் ஒரு பங்களா, ஒரு பெண் தனியாக இருக்கிறாள், யாரோ வருகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. நூல் கட்டின கடைசிக் கத்தை வருவதற்கு முன் புடவை முடிந்துவிட்டது. அதையும் அம்மா அடுப்பில் போட்டாள்.

புதுசாக அச்சடித்த மட்டக் காகிதம். ஈரக் காற்று. இறுக்கிச் சுருட்டின பட்டு. என்ன ஆகும் என்று நம் தெருவில் தார் சுற்றுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒற்றை பல்பு வெளிச்சத்தில் அறுத்து மடித்ததில் அப்பாவுக்குத் தெரியவில்லை. முதலாளி வீட்டு முற்றத்தில் பகல் வெளிச்சத்தில் விரித்தபோது தெரிந்தது. நான் குடை பிடித்துக்கொண்டு கூடப் போயிருந்தேன்.

"இன்னாப்பா இது, மேலெல்லாம் மேகம் மாதிரி? கல்யாண வூட்டுக்காரங்க நாளைக்கு வராங்க" என்றார் முதலாளி.

"கையச் சுத்தமாத் தொடச்சிகினுதாங்க நெய்றோம்."

"உங்க வூட்ல ஒரு பொண்ணு பச்சை இலை துன்னுகினு ராட்டை சுத்துதாமே. எங்க பையன் சொன்னான். தெருவே சொல்லுது."

அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு, "அதாங்க. அந்தச் சாறுதாங்க" என்றார்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது நீங்கள். நீங்கள் "மே" என்று கத்தியது தெருவெல்லாம் சுற்றி, முதலாளி வாய் வழியாக எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. குழந்தைகள் விளையாட்டு என்று சொல்லாதீர்கள். நானும் ஒரு தரம் உங்களோடு சேர்ந்து கத்தியிருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா புடவையை அண்ணி முன்னால் போட்டார். "பாரு. உன் இலைச் சாறு."

அண்ணி புடவையைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நான் தார்தான் மாமா சுத்துனேன். தார்ல கறை இருந்தா ஊடையில குறுக்கால கோடா வரும். இது துணி மேல படிஞ்சிகீது. துணிய நான் தொடவே இல்ல."

மூணு மாசம்தான் ஆகியிருந்தது அவள் பட்டைப் பார்த்து. சொன்னது அத்தனையும் சரி.

"எனுக்கு நெசவு சொல்லிக் குடுக்கிறியா?" என்றார் அப்பா. அண்ணனிடம், "நாளைக்கு இவள ஊர்ல வுட்டுட்டு வா" என்றார்.

அவர்கள் உள்ளே போன பிறகு நான் புடவையை எடுத்துப் பார்த்தேன். மேகம் இல்லை. வரி வரியாக இருந்தது. எழுத்து, ஆனால் இடவலம் மாறித் திரும்பின எழுத்து. சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றிப் புடவைக்கு எதிரே பிடித்தேன். நேராகிவிட்டது. 'விளக்கை அணைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.' நான் படித்துவிட்டு அப்பா கையில் கொடுத்த பக்கம்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பாள். உதடு அசைய அசையப் படித்தாள். கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"இத யார்கிட்டயாவது சொன்ன, நாக்குல சூடுதான்."

"அண்ணி பாவம்மா."

"உங்கப்பனுக்கு அம்பது வயசு. இந்த வயசுல, சந்தனத்துக்குப் புது பேப்பர் வெச்சான்னு தெரு சிரிச்சா அந்த மனுசன் எங்க போவாரு? அவளுக்கு இன்னா. அவளுக்கு வயசு கீது."

அவளுக்கு வயசு இருக்கிறது. அதனால் அவளிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை வீட்டில், எத்தனை வாயில் கேட்டிருக்கிறேன் என்று சொல்ல முடியாது.

அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது என்று உங்களில் யாராவது வாதாடலாம். தெரியும். அடுத்த புடவை எலுமிச்சை நிறம். அதற்கு அப்பா பழைய வேட்டியைக் கிழித்து, ஒவ்வொரு துண்டையும் அடுப்பு மேல் காட்டிக் காயவைத்துப் படமரத்தில் வைத்தார். தெரியாதவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்?

மறுநாள் அண்ணி ஊருக்குப் போக வந்தவாசி பஸ் ஏறினாள். தகரப்பெட்டியில் புடவை மட்டும் இருந்ததால் லேசாக இருந்தது, நானே தூக்கினேன். பஸ் ஸ்டாண்டு கடையில் மார்கழி நாவல்கள் கிளிப் போட்டுத் தொங்கின. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அண்ணி பார்த்தாள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நாக்கில் சூடு என்பது ஞாபகம் வந்தது. பஸ் போய்விட்டது.

ஐந்து மாசம் கழித்து, புளியாரை எல்லாம் வெயிலில் கருகின பிறகு, அவளைக் கூட்டிவந்தார்கள். இலை கூடாது, புத்தகம் கூடாது என்று அவள் அப்பாவிடம் பேசி, அவர் தலையாட்டி, அதன் பிறகு. அவளும் மீறவே இல்லை. கடைந்த கீரை சாப்பிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு தார் சுற்றினாள். சந்தனப் புடவையைச் சாயக்காரரிடம் கொடுத்து முழு அரக்காக மாற்றி, ஜரிகை மங்கிப்போனதை அவளுக்கே கொடுத்தார்கள். என் கல்யாணத்துக்கு அதைத்தான் கட்டியிருந்தாள். "மருமவள்னா இவள மாதிரி இருக்கணும்" என்று அம்மா சாகும்வரை சொன்னாள். அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் போய்விட்டார்கள். யாரிடமும் யாரும் அதைப் பேசவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நானும் பேசவில்லை. வாயாடி என்று என்னை ஊர் சொல்கிறது. எதற்கு இந்த வாய்?

உங்கள் படத்தைப் பார்த்த மறுநாள் நான் கடைக்குப் போய் அந்தச் சீமை இலை ஒரு டப்பா வாங்கினேன். கொல்லையில் புளியாரை ஒரு பிடி பறித்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு மாத நாவல் வாங்கினேன். அண்ணி, பவர்லூம் வைத்திருக்கிற மகனோடு எங்கள் பழைய வீட்டில்தான் இருக்கிறாள். அங்கே போனேன். லூம் சத்தத்தில் உரக்கத்தான் பேச வேண்டும்.

"அண்ணி, அந்தச் சந்தனப் பொடவையில இருந்தது இலைக்கறை இல்ல."

"தெரியும்."

"கதைப் புஸ்தக அச்சு. ஒவ்வொரு பக்கமா நாந்தான் எட்த்துக் குடுத்தேன்."

"அதுவுந் தெரியும். நீ படிச்சிட்டுப் படிச்சிட்டுக் குடுத்துகினு இருந்த. நான் ராட்டையில இருந்து பாத்துகினுதான் இருந்தேன். பொடவைய வாசல்ல தூக்கிப் பாத்தப்பவே எழுத்துன்னு தெரிஞ்சிபோச்சி."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவா. நீ சொல்லுவன்னு பாத்தேன். பஸ்ஸு கெளம்பற வரைக்கும் பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

தட்டில் இலையைப் புரட்டி நீட்டினேன். உப்பு, மிளகாய், எலுமிச்சை, வேர்க்கடலை எல்லாம் அவள் செய்த மாதிரியே. சீமை இலை ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். ஈறால் மென்று பார்த்தாள். மேல் பல் ஒன்றும் இல்லை. வெளியே எடுத்து ஓரமாக வைத்தாள். "அருமையா கீது. கடிக்கத்தான் முடியல." புளியாரை சின்ன இலை. அதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி நாக்கில் வைத்துச் சப்பினாள். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து மகன் எட்டிப் பார்த்து, "இன்னாமா, ஆடு மாதிரி?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஒன்றும் தெரியாதவன். "உன் வேலையப் போய்ப் பாருடா" என்று நான் கத்தினதில் லூம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். போய்விட்டான்.

நாவலை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். உதட்டை அசைத்துப் படித்தாள். மூடினாள்.

"பெரிய பையந்தான் கொன்னான்" என்றாள். நான் இன்னும் படிக்காத புத்தகம். பிறகு கேட்டாள், "அதுல வெளக்க அணைச்சது யாரு? நீதான் படிச்சியே."

"எனுக்குத் தெரியாது அண்ணி. கடைசிக் கத்தை அடுப்புக்குப் போயிடுச்சி."

"உங்கண்ணன் படிச்சிருப்பான்னு நெனச்சேன். அவனும் படிக்கல. அவன் போட்ட முடிச்ச அவனே அவுக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த புளியாரையை எடுத்தாள்.

ஆகவே இப்போது கை தட்டும் பொம்மை வேண்டாம். வேறு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில், அப்பா வைத்துவிட்டுப் போன பெட்டியில், பழைய மாத நாவல் இருந்தால் பாருங்கள். முதலாளி மகனே, உங்கள் வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது, நான் பார்த்திருக்கிறேன். அட்டையைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பெயர் ஞாபகம் இல்லை. மலை மேல் பங்களா, தனியாக ஒரு பெண், யாரோ விளக்கை அணைக்கிறார்கள். கடைசி அத்தியாயம் இருந்தால் போதும்.

கிடைத்தால் என்னிடம் கொண்டுவராதீர்கள். அவளிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். வாசலில் நின்று கூப்பிடும்போது, இந்தத் தடவை அண்ணி என்று கூப்பிடுங்கள்.